தலையாட்டிய தாய்க்குப் புரிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் வடமாநிலத்தவர் முன்னால் நிற்கிறார்கள், டாக்டர் கேட்பது அவர்களுக்குப் புரிவதில்லை, அவர்கள் சொல்வது டாக்டருக்குப் புரிவதில்லை, அவர்களில் ஒருவருக்கு ஆகிற நேரத்தில் நம்மில் மூன்று பேரைப் பார்த்துவிடலாம், பிழைக்க வருகிறவர்கள் தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். காத்திருப்பு உண்மை. ஜுரத்தில் கொதிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்தக் கோபம் தெரியும். ஆனால் அவர் சொல்லும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று எழுத இரண்டு நாள் யோசித்தேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருளவும்.

நான் திருப்பூரில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவள். டி.பார்ம் படித்தவள். கடைக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடுகள். முன்பு அவற்றில் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருந்தார்கள். இப்போது அதே வீடுகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் குடும்பங்கள். தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய புதுமுகங்கள் இரண்டு மூன்று அவ்வப்போது கடைக்கு வரும். ஆரம்பத்தில் ஆண்கள் மட்டும்தான் வந்தார்கள். தலைவலி மாத்திரை, சிரங்குக் களிம்பு, வெட்டுக்காயத்துக்குப் பஞ்சு, அவ்வளவுதான் கேட்பார்கள். பிறகு மனைவி மக்களோடு வர ஆரம்பித்தார்கள். இப்போது என் கடையில் அதிகம் போவது குழந்தைகளின் சிரப்பும், பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். உப்புச் சர்க்கரைப் பொட்டலமும்தான்.

அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்ல வேண்டும்.

1995இல் என் கணவருக்கு அகமதாபாத்தில் வேலை. போய் நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மகனுக்குப் பதினான்கு மாதம். நான் அப்போது பிளஸ் டூ முடித்தவள். இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் இருந்தது, வாயில் வராது. இந்தியில் காய்கறி விலையும் ஒன்று முதல் இருபது வரை எண்ணிக்கையும் தெரியும். ஒருநாள் மதியம் பிள்ளைக்கு ஜுரம் ஏறி, கண் மேலே சொருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கணவர் வெளியூர் போயிருந்தார். டாக்டர் என்னிடம் வந்து நிதானமாக, ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினார். நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லை: பானி. தண்ணீர். தலையாட்டினேன். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். பிறகு தாழ்வாரத்துக்கு ஓடி, பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையும் முழங்காலும் ஒட்டும்படி வளைத்து இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் முதுகில் ஊசி இறக்குகிறார். பிள்ளை அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கையில் டம்ளரோடு நின்றேன். முதுகில் குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் ஊரில் கேட்டிருந்தேன். நானே கையெழுத்துப் போட்டு என் பிள்ளையை முடமாக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

அகமதாபாத் மணிநகர்ப் பக்கம் அந்தக் காலத்திலேயே நிறையத் தமிழர்கள். அப்படி ஓர் அம்மாள் பக்கத்துக் கட்டிலில் பேரனுக்குத் துணையாக இருந்தார். நான் "ஐயோ சாமி" என்று கத்தியதைக் கேட்டு எழுந்து வந்து, "பயப்படாதே கண்ணு, மூளைக்காய்ச்சல் இருக்கான்னு பாக்க முதுகுல கொஞ்சம் நீர் எடுக்கறாங்க, கால் கைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். "கமர் சே பானி" என்றால் இடுப்பிலிருந்து நீர் எடுப்பது. டாக்டர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் என் கை நடுக்கம் நின்று தண்ணீர் தளும்பாமல் இருந்தது.

நீர் தெளிவாக வந்தது. வெறும் ஜுரவலிப்புதான் என்று மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போதும் டாக்டர் விளக்கினார். நான் "அச்சா, அச்சா" என்றேன். அவர் சொல்லியிருப்பது என்னவென்று டி.பார்ம் படித்த பிறகு எனக்குத் தெரியும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது வரும், ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி வரும், வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவாருங்கள். இதில் ஒரு சொல்கூட அன்று என்னை வந்து சேரவில்லை. நான்கு மாதம் கழித்து இரண்டாவது முறை இழுத்தபோது கையில் இரும்புச் சாவியைத் திணித்தேன், பல்லுக்கு நடுவே கரண்டிக் காம்பைச் செருகினேன். பிள்ளையின் கீழுதடு கிழிந்து இரண்டு தையல் போட்டார்கள். தழும்பு இப்போதும் இருக்கிறது.

அந்த டாக்டர் நல்லவர். அவசரப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. யாராவது என்னிடம் வந்து "டாக்டர் விளக்கமாகச் சொன்னாரா, உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். பிள்ளை உயிரோடு கையில் இருக்கும்போது எந்தத் தாய் குறை சொல்லுவாள்?

இப்போது என் கடைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால், சித்திரை வெயிலில், ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி காலையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கினாள். மதியம் மறுபடி ஒன்று. மாலை மூன்றாவதாக ஒன்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பகலில் இரண்டு லிட்டரைக் குடித்து முடித்துவிட்டதா? ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையசைத்துவிட்டு, கையால் ஒரு டம்ளர் உயரம் காட்டினாள். இருபது கிராம் பொட்டலத்தை முழுதாக ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்திருக்கிறாள். ஐந்து மடங்கு உப்பு. அது வயிற்றுப்போக்கை நிறுத்தாது, கூட்டும். ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பே வரலாம். நல்லவேளை, பிள்ளை வாந்தியெடுத்துப் பாதியைத் துப்பியிருந்தது. உடனே திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், இரண்டு நாளில் தேறிவிட்டது.

அவள் கவனக்குறைவான தாய் என்று நினைத்துவிடாதீர்கள். 200 மில்லிக்கென்று நான்கு கிராம் சொச்சத்தில் சின்னப் பொட்டலமும் சந்தையில் இருக்கிறது. ஊரில் அவளுக்குப் பழக்கம் அதுதான். சின்னதை டம்ளரிலும் பெரியதை லிட்டரிலும் கரைக்க வேண்டும் என்பது பொட்டலத்தின் மேல் இங்கிலீஷில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு இந்தியில் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு இந்தி தெரியாது. ஒடியா மட்டும்தான். சொன்னவருக்கும் இந்தி அரைகுறை. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டியிருக்கிறார்.

"வடநாட்டுக்காரர்" என்றதும் இந்தி என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். என் கடைக்கு வருகிறவர்களில் ஒடியா பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், வங்காளி, அசாமி, போஜ்புரி, மைதிலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவின் வடக்கிலிருந்தும் வரும், சந்தாலி மொழி பேசும் சந்தால் பழங்குடிப் பெண்களுக்கு இந்தி நமக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். ஜுரத்துக்கு இந்தியில் "புகார்" என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஒடியா, வங்காளிப் பெண்களிடம் நம் ஊர் "ஜுரம்" என்று சொன்னாலே சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், அவர்கள் சொல்லும் ஏறக்குறைய அதுதான். வாந்திக்கு ஒடியாவில் "பாந்தி". இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, கவுன்டரில் நின்று கற்றது.

அந்தப் "புகார்" செய்த வேலையையும் நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் பிள்ளையைக் காட்டி "புகார், புகார்" என்கிறாள். காவலாளி புகார் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அவளை நிர்வாக அறைப்பக்கம் அனுப்புகிறார். அங்கே பூட்டியிருக்கிறது. பிள்ளை தோளில் துவண்டு கிடக்கிறது. நான் கூட்டிக்கொண்டு போய்ச் சீட்டு எடுத்துக்கொடுத்தேன். "கல்" இன்னொரு சங்கடம். இந்தியில் நேற்றும் "கல்"தான், நாளையும் "கல்"தான். வினைச்சொல்லைக் கேட்டால்தான் எது என்று தெரியும். அரைகுறை இந்தியில் கேட்பவர் அதைப் பிடிப்பதில்லை. நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று அந்தத் தாய் சொல்ல, நாளைக்கு வருகிறேன் என்கிறாள் என்று இவர் எடுத்துக்கொள்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? தஸ் என்றால் பத்து, தஸ்த் என்றால் பேதி. கூட்ட இரைச்சலில் இரண்டும் ஒன்றுதான்.

தமிழுக்குள்ளேயே இது உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். "பிள்ளைக்கு இழுப்புங்க" என்று ஒரு பாட்டி சொன்னால் சிலருக்கு அது வீசிங், சிலருக்கு வலிப்பு. மாந்தம், தொக்கம், சீர் தட்டுனது, உரம் விழுந்தது என்று நம் தாய்மார்கள் சொல்வதை நகரத்தில் வளர்ந்த இளம் டாக்டர்கள் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள். நமக்குள்ளேயே இப்படியென்றால் அந்தப் பெண்கள் நிலைமை என்ன?

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பீகார்க்காரர், ஓவர்லாக் டெய்லர். மகனுக்கு நான்கு வயது. டிஸ்சார்ஜ் ஃபைலை என்னிடம் நீட்டி இதிலிருக்கும் மாத்திரையைக் கொடுங்கள் என்றார். ஃபைலுக்குள் மருந்துச் சீட்டோடு ஒரு கருத்துப் படிவமும் சேர்ந்து வந்திருந்தது. "மருத்துவர் உங்களுக்குப் புரியும்படி விளக்கினாரா?" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கேள்வி. எதிரே ஐந்து முகங்கள், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. எல்லாக் கேள்விக்கும் சிரிக்கிற முகத்தில் டிக் போட்டு, கீழே இந்தியில் கையெழுத்து. இது என்ன என்று கேட்டேன். தெரியாது, சிஸ்டர் காட்டிய இடத்தில் போட்டேன் என்றார். பிறகு அவர் என்னிடம் கேட்டார்: "என் பையனுக்கு என்ன நோய்?"

ஃபைலில் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று இருந்தது. சிறுநீரில் புரதம் கழிந்து உடம்பு வீங்குகிற நோய். முதல் முறை வந்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆறு வாரம் தினமும், பிறகு ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதுதான் வழக்கமான முறை. வீக்கம் அதற்கு வெகு முன்னாலேயே வடிந்துவிடும். வடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உப்பைக் குறைக்க வேண்டும், சிறுநீரை வீட்டிலேயே சோதித்து ஒரு நோட்டில் எழுத வேண்டும், ஜுரம் வந்தால் உடனே காட்ட வேண்டும். இந்த நோயில் பாதி வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. அவரோ ஐந்து நாளைக்கு மட்டும் மாத்திரை கேட்டார். முகவீக்கம் வடிந்துவிட்டதே, போதும் என்று நினைத்திருக்கிறார். தெரிந்த வரையில் எடுத்துச் சொல்லி, அந்த டாக்டரிடமே திரும்பப் பேசவும் ஏற்பாடு செய்தேன். டாக்டருக்கும் அதிர்ச்சிதான். அன்று எல்லாவற்றையும் சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார், சந்தேகமில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. எங்கள் தெருவில் ஒரு ஜார்க்கண்ட் குடும்பம். மூத்த பெண்ணுக்குப் பத்து வயது. இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள், நம் பிள்ளைகள் மாதிரியே "ஏனுங்க்கா" என்று பேசுவாள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் பேச அவள்தான் வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் தனியாக வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. கண்ணாடி ஷெல்ஃபைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: "ஏனுங்க்கா, இதயத்துல ஓட்டை இருந்தா செத்துப்போயிருவாங்களா?"

எட்டு மாதத் தம்பிக்கு இதயத்தில் ஓட்டை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொன்னது இவளிடம். அம்மாவிடம் சொல்லு பாப்பா என்றிருக்கிறார். அம்மா என்ன என்ன என்று கேட்க, இவள் "தம்பி கொஞ்சம் வீக்கா இருக்கானாம், சத்தா சாப்பாடு கொடுக்கணுமாம்" என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அழுதுவிடுவாளே என்று பயம். மூன்று வாரமாக இரவில் எழுந்து எழுந்து தம்பி மூச்சு விடுகிறானா என்று பார்த்திருக்கிறாள் அந்தப் பத்து வயதுப் பிள்ளை. மறுபரிசோதனை தேதியையும் சொல்லவில்லை, அது தாண்டிவிட்டது.

ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். சின்ன ஓட்டைதான். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் தானே மூடிக்கொள்ளும், ஆனால் சொன்ன தேதியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் இதையும் சொல்லியிருப்பார். "ஓட்டை" என்ற சொல்லுக்குப் பிறகு அந்தக் குழந்தை எதையும் கேட்டிருக்க மாட்டாள். நமக்கே கேட்காது. மறுநாள் அவர்கள் ஊர்ப்பேச்சு தெரிந்த பெரியவள் ஒருத்தியை உட்காரவைத்து அந்தத் தாய்க்கு விளக்கினோம். அவள் அழவில்லை. முதலில் மகளைத்தான் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

குழந்தைகளை மொழிபெயர்க்க வைப்பது உலகம் முழுவதும் நடக்கிற தவறு. என் மகன் ஓர் ஆய்வை அனுப்பிவைத்தான். 2003இல் அமெரிக்காவின் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. ஸ்பானிஷ் பேசும் தாய்மார்கள் குழந்தைகளைக் காட்ட வந்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து சொல் சொல்லாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 மொழிபெயர்ப்புப் பிழைகள். அவற்றில் 63 சதவீதம் குழந்தையின் உடல்நலத்தைப் பாதிக்கக்கூடியவை. காதுத் தொற்றுக்கு வாய்வழி கொடுக்க வேண்டிய அமாக்ஸிசிலினை இரண்டு காதிலும் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஒவ்வாமை உண்டா என்ற கேள்வியையே மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் பதினோரு வயது உடன்பிறப்பு. ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர் பேசியபோதும் பிழை இருந்தது, ஆனால் கிடைத்தவரைப் பிடித்துப் பேசவைத்தபோதுதான் ஆபத்தான பிழை கூடுதல்.

தமிழ் கற்றுக்கொண்டு வரட்டும் என்ற வாதத்துக்கு வருகிறேன். கற்றுக்கொள்கிறார்கள். கம்பெனிக்குப் போகிற ஆண் ஆறு மாதத்தில் பீஸ், ரேட், ஷிப்ட், சம்பளம், "நாளைக்கு வாங்க" எல்லாம் பேசிவிடுகிறான். பிள்ளை பெற்று லைன் வீட்டுக்குள் இருக்கிற பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்படியே கற்றாலும், மார்க்கெட்டில் பேசுகிற மொழி வேறு, பிள்ளைக்கு மூச்சு எப்படி வாங்குகிறது, சிறுநீர் எத்தனை மணிக்குக் கடைசியாகப் போனது என்று சொல்கிற மொழி வேறு. நான்கு மாதத்தில் நான் கற்ற இந்தி எனக்குக் கத்தரிக்காய் வாங்கிக் கொடுத்தது. முதுகில் ஊசி ஏறியபோது அது உதவவில்லை.

வேறொரு பேச்சும் எழும் என்று தெரியும். ஆஸ்பத்திரியில் இந்தி பேசச் சொல்கிறாயா, இந்தியை வாசல் வழியே கூட்டிவருகிறாயா என்பார்கள். 1965இல் என் தந்தை கல்லூரி மாணவர், ஊர்வலத்தில் போய் அடிபட்டவர். அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள் நான். இருமொழிக் கொள்கையில் எனக்குக் கருத்து மாற்றமில்லை. அதனால்தான் கேட்கிறேன். தாய்மொழியில் பேசுவது உரிமை என்று சொல்கிற நாம், ஒடியாக்காரியின் தாய்மொழி ஒடியா என்பதைப் பார்க்க வேண்டாமா? எல்லோர் தலையிலும் இந்தியைக் கவிழ்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தானே நாம் எதிர்த்தோம்?

டாக்டர்களும் நர்சுகளும் ஐந்து மொழி படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலைப்பொழுதில் அவர்கள் பார்க்கிற கூட்டத்தை நான் பார்க்கிறேன். கேட்பது சிறியது. குழந்தைகள் ஓ.பி. நடக்கிற நேரத்தில் ஒடியாவும் வங்காளியும் இந்தியும் பேச ஆள் வேண்டும். ஆள் இங்கேயே இருக்கிறார்கள். அந்த லைன் வீடுகளில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டுப் பிள்ளைக்காக வேலைக்குப் போகாமல் இருக்கும் பெண்களை எனக்கே தெரியும். அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவும், கேட்டதை வெளியே பேசாமல் இருக்கவும் பயிற்சி கொடுத்து, நியாயமான சம்பளமும் கொடுக்கலாம். ஆள் இல்லாத நேரத்தில் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசலாம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது அவர்கள் மொழியில் பேச உதவி எண்களும் ஆட்களும் எவ்வளவு விரைவில் ஏற்பாடானது என்பதை இந்த ஊர் பார்த்தது. ஆலைகள் நிற்கக் கூடாது என்பதற்காக முடிந்தது, பிள்ளைகளுக்காகவும் முடியும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயையும் சிகிச்சையையும் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்றே சொல்கிறது.

ஆள் போடுகிற வரை காசு செலவில்லாத ஒன்றை இன்றே செய்யலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நான் 1995இல் சொன்ன பதில்தான் எப்போதும் வரும். "வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். நான் கவுன்டரில் ஒரு காலி லிட்டர் பாட்டில், ஒரு டம்ளர், மருந்து மூடிகள் நாலைந்து வைத்திருக்கிறேன். தாய் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி அளந்து காட்ட வேண்டும். சிரப் மூடியில் எந்த அளவோ அங்கே சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுவேன். ஜுரச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் பாராசிட்டமால், சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125. சொட்டு மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். இந்த வேறுபாட்டைப் பேச்சில் புரியவைக்க எனக்கு எந்த மொழியிலும் முடிந்ததில்லை. சொட்டுக்குழாயைக் கையில் கொடுத்துக் காட்டச் சொன்னால் முடிகிறது. காட்டச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நம் தமிழ்த் தாய்மார்களிலும் எத்தனையோ பேர் தவறாக அளந்துகொண்டிருந்தார்கள். ஆகவே முதலில் எழுதிய வாசகரின் வீட்டுக் குழந்தைக்கும் இது பயன்படும்.

அப்புறம், பெரியவர்களுக்கான செய்தியைப் பிள்ளைகள் வாய்வழியாக அனுப்பாதீர்கள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஜுரம், வாந்தி, பேதி, மூச்சிரைப்பு, வலிப்பு, எத்தனை நாளாக, எத்தனை தடவை, சாப்பாட்டுக்கு முன், பின், நிறுத்தாதே, மறுபடி வா என்று ஏறக்குறைய அறுபது சொற்களை ஒடியா, வங்காளி, இந்தி, போஜ்புரியில் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற தாய்மார்கள் ஒவ்வொன்றையும் என்னைச் சொல்லவைத்துத் திருத்தியது. எந்த ஆஸ்பத்திரிச் சிஸ்டரும் எந்த மருந்துக்கடைக்காரரும் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. சந்தாலிக்கு ஒதுக்கிய பக்கங்கள் மட்டும் இன்னும் காலியாக இருக்கின்றன. நான் கேட்டு எழுதியவை பாதிக்கு மேல் தவறு என்று பிறகு தெரிந்து அடித்துவிட்டேன். தமிழும் சந்தாலியும் தெரிந்த வாசகர் யாராவது திருப்பூர்ப் பக்கம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
திருப்பூர்.